கொலை கேஸ்ல பெயில் எடுக்க நாங்க போன வக்கீல் ஆபீஸ்: ரிவ்யூ

இந்த ரிவ்யூல ஸ்டாரும் கிடையாது, வக்கீல் பேரும் கிடையாது. வக்கீல் தொழிலுக்கு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு பார் கவுன்சில் ரூல் இருக்கு, 2024 ஜூலைல சென்னை ஹைகோர்ட்டும் வெப்சைட்ல வக்கீலை லிஸ்ட் போட்டு ரேட்டிங் குடுக்கிற வேலைய நிறுத்த நடவடிக்கை எடுங்கன்னு பார் கவுன்சிலுக்கு சொல்லிருச்சு, எங்க வக்கீலும் "எழுதுறத எழுதும்மா, என் பேர மட்டும் போட்டுறாத"ன்னு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுட்டாரு. அதனால மதுரைல கிரிமினல் சைடு மட்டும் பாக்குற ஒரு ஆபீஸ்னு வச்சுக்கோங்க. ஒரு சீனியர், கூட சில ஜூனியர்ஸ், ரொம்ப வருஷமா அங்கயே இருக்கிற ஒரு குமாஸ்தா. பேரு தெரியாட்டியும் பரவால்ல, இந்த மாதிரி ஆபீஸ்ல காசு குடுக்கிறப்ப எதுக்கு குடுக்கிறோம், எதுக்கு குடுக்கத் தேவையில்லங்கிறது தெரிஞ்சா போதும்.

கேஸ் என்னன்னா, என் சித்தி பையன், எனக்கு தம்பி முறை. கோயில் திருவிழாவுல ரெண்டு குரூப்புக்கு நடுவுல தகராறு, ஒருத்தரை வெட்டிட்டாங்க, ஆஸ்பத்திரில இருந்த மூணாவது நாள் அவரு போயிட்டாரு. மொதல்ல கொலை முயற்சின்னு பிஎன்எஸ் (ஐபிசிக்கு பதிலா வந்த புதுச் சட்டம்) 109ல போட்ட எஃப்ஐஆர், அவரு இறந்ததும் 103(1)னு ஆல்டர் ஆச்சு, அதாவது பழைய 302. பேர் போட்டதுல இவன் ஏ6, அதாவது ஆறாவது அக்யூஸ்ட். அவன் செஞ்சானா இல்லையான்னு இங்க நான் எழுதப் போறதில்ல, அது ட்ரையல்ல தெரியும், இறந்தவரு வீட்டுலயும் சின்னப் புள்ளைங்க இருக்கு.

மொதல்ல ஊருலயே தெரிஞ்ச ஒரு வக்கீலைப் பிடிச்சோம், அவரு ரிமாண்ட் ஆன அதே வாரம் பெயில் மனு போட்டாரு, "நான் பேசிக்கிறேன், எனக்கு அங்க எல்லாரையும் தெரியும்"னு வேற சொன்னாரு. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல போட்டாரு. தூக்கு இல்லாட்டி ஆயுள் தண்டனை வர்ற செக்‌ஷன்ல மாஜிஸ்ட்ரேட் பெயில் குடுக்கிறதுக்கு பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்கு பதிலா வந்தது) 480ல வழியே இல்ல, பொம்பளைங்க, சின்னப் பசங்க, உடம்பு ரொம்ப முடியாதவங்கன்னா மட்டும்தான் விதிவிலக்கு. 22 வயசு ஆம்பளப் பையனுக்கு அங்க போட்டா என்ன வரும், டிஸ்மிஸ்தான் வரும், வந்துச்சு. அப்புறம் செஷன்ஸ் கோர்ட்ல போட்டாரு, அங்க அதிகாரம் இருக்கு ஆனா விசாரணை ஆரம்ப கட்டத்துல இருக்கு, ஒரு அக்யூஸ்ட் இன்னும் சிக்கலைன்னு அதுவும் டிஸ்மிஸ். ரெண்டுக்கும் தனித்தனியா ஃபீஸ். சித்தி கழுத்துல கெடந்த செயின் அதோட போச்சு.

அதுக்கப்புறம்தான் இந்த மதுரை ஆபீஸ். பத்துக்குப் பத்து ரூம்தான், உக்கார நாலு பிளாஸ்டிக் சேர், சீனியர் டேபிள்ல பேப்பர் கட்டுக்கு நடுவுல அவரு மொகமே பாதிதான் தெரியும். சித்தி போனதுமே "வக்கீலய்யா, எம்புள்ள ஒண்ணும் பண்ணலய்யா"ன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. அவரு தண்ணி குடுக்கச் சொல்லிட்டு என்னைப் பாத்து கேட்ட மொத கேள்வி, "ரிமாண்ட் ரிப்போர்ட் இருக்காம்மா?" அடுத்தது ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்), அடுத்தது ஆல்டரேஷன் ரிப்போர்ட், அடுத்தது டிஸ்மிஸ் ஆன ரெண்டு ஆர்டரோட காப்பி. நான் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிறவ, எல்லாத்தையும் செட் போட்டு பின் அடிச்சு கொண்டு போயிருந்தேன், அதுக்கே பாதி மரியாதை கெடச்சிருச்சு. பையன் செஞ்சானா செய்யலையான்னு மனுஷன் கேக்கவே இல்ல. சித்திக்கு அது பெரிய கொறை, பஸ்ல வர்றப்ப பூரா பொலம்பினாங்க, ஆனா அவரு சொன்ன காரணம் எனக்குப் புரிஞ்சுச்சு: பெயில் மனுவுல ஜட்ஜ் அதைத் தீர்மானிக்கப் போறதில்ல, அப்படித் தீர்மானிச்சா அதுவே அந்த ஆர்டருக்கு ஆபத்து.

அவரு விவரமா சொன்னத என் பாஷைல சொல்றேன். இவன் வெளிய வந்தா ஓடிருவானா, சாட்சிய மெரட்டுவானா, திரும்ப ஏதும் பண்ணுவானா, இதான் மொத மூணு கேள்வி. அதோட குற்றம் எவ்ளோ பெருசு, எவ்ளோ தண்டனை வரும், மேலோட்டமா பாத்தா இவன் மேல மெட்டீரியல் இருக்கா, இவன் பங்கு என்ன, முந்தின கேஸ் இருக்கா, வெளிய விட்டா ஊருக்குள்ள பிரச்சன வெடிக்குமா. 2010ல சுப்ரீம் கோர்ட் பிரசாந்த குமார் சர்க்கார்ங்கிற கேஸ்ல இதையெல்லாம் வரிசையா எழுதி வச்சிருக்கு, அதுக்கு முந்தியும் பல தீர்ப்புல இருக்கு. கிருஷ்ணய்யர் 1977ல எழுதின "பெயில்தான் ரூல், ஜெயில் விதிவிலக்கு"ங்கிறத எல்லாரும் வாட்ஸ்அப்ல அனுப்புறாங்க, கொலை கேஸ்ல அந்த ஒரு வரிய மட்டும் தூக்கிட்டுப் போய் நின்னா ஒண்ணும் நடக்காதும்மா, அதே கிருஷ்ணய்யரே குற்றத்தோட கடுமையையும் பாக்கணும்னுதான் சொல்லிருக்காருன்னாரு.

எங்க கேஸ்ல முக்கியமான விஷயம் பங்கு. கோர்ட்ல அதுக்கு ஓவர்ட் ஆக்ட்னு சொல்றாங்க, ஒவ்வொருத்தனும் கையால என்ன செஞ்சான்னு எஃப்ஐஆர்ல எழுதிருக்கிறது. ஏ1 அருவாளால கழுத்துல வெட்டுனது, ஏ2 வயித்துல குத்துனது, அப்படியே போயி ஏ6 இறந்தவரோட கூட வந்தவரை கட்டையால தோள்ல அடிச்சதுன்னு இருக்கு. அப்ப இவன் இறந்தவரைத் தொடவே இல்லையே, இவனுக்கு எதுக்கு கொலை செக்‌ஷன்னு நான் கேட்டேன். பிஎன்எஸ் 190னு ஒண்ணு இருக்கு, பழைய 149, அஞ்சு பேரும் அதுக்கு மேலயும் ஒரே நோக்கத்தோட கூடி ஒருத்தன் செஞ்சா எல்லாரும் செஞ்ச மாதிரி. தண்டனைக்கு அது போதும், ஆனா பெயிலுக்கு ஜட்ஜ் ஒவ்வொருத்தன் பங்கையும் தனியா பிரிச்சுப் பாப்பாரு, வெட்டுனவனையும் நின்னவனையும் ஒரே தட்டுல வைக்க மாட்டாரு. ஆனா ஏ5க்கு கெடச்சா ஏ6க்கு தானா கெடைக்கும்னும் கிடையாது, அவன் பங்கும் இவன் பங்கும் ஒண்ணுதான்னு காட்டணும்.

இந்த ஏ.ஆர். காப்பிய பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா ஆபீஸோட தரம் எனக்குத் தெரிஞ்சது அந்த எடத்துலதான். அடிபட்டவரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனதும் டியூட்டி டாக்டர் ஒரு ரிஜிஸ்டர்ல எழுதுவாரு, எத்தன மணிக்கு வந்தாரு, எங்க காயம், யாரு அடிச்சதா சொன்னாருன்னு. நான் அந்தக் காப்பிய கடைல எத்தனயோ பேருக்கு ஜெராக்ஸ் போட்டுருக்கேன், ஒரு நாளும் படிச்சதில்ல. சீனியர் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு பேப்பரை மொகத்துக்குப் பக்கத்துல வச்சு, டாக்டரோட அந்தக் கோழிக் கிறுக்கல விரலால தடவித் தடவிப் படிச்சாரு. "தெரிந்த நான்கு நபர்களால்"னு இருந்துச்சு. எஃப்ஐஆர்ல ஒம்போது பேரு. தோள் காயம் சாதாரண காயம்னு இருந்துச்சு. அந்த ரெண்டு எடத்துலயும் பென்சில்ல சின்னதா ஒரு கோடு போட்டுட்டு ஜூனியர் கிட்ட "கிரவுண்ட்ஸ்ல மூணாவதா போடு, மொதல்ல போடாத"ன்னாரு. ஏன் மூணாவதுன்னு ஜூனியர் கேட்டாரு. பெயில் ஸ்டேஜ்ல முரண்பாட்ட பெருசா தூக்கிப் பிடிச்சா ஜட்ஜுக்கு "இது ட்ரையல்ல பாக்க வேண்டியது"ன்னு சொல்ல வழி விட்ட மாதிரி ஆயிரும், பங்கைச் சொல்லிட்டு அதுக்கு முட்டுக் குடுக்க இதைச் சொல்லணுமாம். எங்க மொத வக்கீல் போட்ட மனுவுல ஏ.ஆர். காப்பிங்கிற வார்த்தையே இல்ல.

இன்னொண்ணு, போலீஸ் கிட்ட குடுத்த வாக்குமூலம். ரிமாண்ட் ரிப்போர்ட்ல "குற்றத்தை ஒப்புக்கொண்டார்"னு இருந்ததும் சித்தி ஒடஞ்சு போயிட்டாங்க. போலீஸ் கிட்ட ஒத்துக்கிட்டதா எழுதுறது சாட்சியமாவே நிக்காது, அவன் சொல்லி ஏதாவது பொருள் எடுத்தா அந்த அளவுக்கு மட்டும்தான் செல்லும்னு ஜூனியர் பொண்ணு பொறுமையா அவங்க பக்கத்துல உக்காந்து சொல்லுச்சு. எங்க பையன் கிட்டருந்து எடுத்ததா காட்டினது ஒரு கட்டை மட்டும்.

சரி, மனு எப்ப போடுவீங்கன்னு கேட்டா "இப்ப வேணாம்". எங்களுக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. வக்கீல்னா நாளைக்கே போடுறேன்னுதான சொல்லுவாங்க? ஏ3 தலைமறைவா இருக்கான், சாட்சிங்க வாக்குமூலம் முடியல, இந்த நேரத்துல ஹைகோர்ட் போனா அரசு தரப்பு எந்திரிச்சு "இன்னும் ஒருத்தன் வெளிய இருக்கான் மைலார்ட்"னு ஒரே வரி சொல்லும், அதோட முடிஞ்சுது, அப்புறம் அடுத்த மனுவுக்கு சூழ்நிலை மாறிருக்குன்னு காட்டணும். இத சொல்றதுக்குத்தான் இவருக்கு காசு குடுக்கிறோம்னு இப்ப நெனைக்கிறேன், அன்னைக்கு சித்தப்பா "இந்தாளு நம்மளை இழுக்கடிக்கிறான்"னுட்டாரு.

ஆனா இழுத்தடிக்கிற ஆளு காலண்டர்ல வட்டம் போட மாட்டான். செவத்துல தொங்கின தெனசரி காலண்டர இழுத்து ரிமாண்ட் ஆன நாளையும் சேத்து எண்ணி 90வது நாள்ல செவப்பு மையில வட்டம் போட்டாரு. தூக்கு, ஆயுள், இல்ல பத்து வருஷமும் அதுக்கு மேலயும் வர்ற கேஸ்னா போலீஸ் 90 நாளுக்குள்ள சார்ஜ் ஷீட் போட்டாகணும், மத்ததுக்கு 60. போடலைன்னா கேஸ் எவ்ளோ பெருசா இருந்தாலும் பெயில் குடுத்தே ஆகணும், பிஎன்எஸ்எஸ் 187(3), இதுல ஜட்ஜுக்கு யோசிக்கிற வேலையே இல்ல. ஆனா நாமளா கேக்கணும், சார்ஜ் ஷீட் உள்ள வர்றதுக்கு முந்தியே மனு கோர்ட்ல இருக்கணும், கேட்டுட்டு சொன்ன ஜாமீனையும் கட்டணும். இதுல நம்ம ஊரு கேஸே ரெண்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. கொரோனா சமயத்துல கெடு நீட்டிப்பு போலீஸுக்கும் பொருந்தும்னு ஹைகோர்ட் மதுரை பெஞ்ச்ல பெயில் மறுத்த சமயநல்லூர் போலீஸ் ஸ்டேஷன் கேஸ், 2020 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் அதெல்லாம் பொருந்தாதுன்னு பெயில் குடுத்துச்சு. அதே வருஷம் அக்டோபர்ல ரவீந்திரன் கேஸ்னு சென்னைலருந்து போன போதைப் பொருள் கேஸ், அதுல கெடு 180 நாள், 181வது நாள் மனு போட்டிருக்காங்க, வாதம் முடிஞ்ச பிறகு அதே நாள் அரசு தரப்பு அவசரமா ஒரு கூடுதல் கம்ப்ளெயிண்ட் (சார்ஜ் ஷீட் மாதிரி) தாக்கல், அதுக்கப்புறமும் அவருக்கு பெயில் உரிமை போகலைன்னு தீர்ப்பு. எங்க கேஸ்ல போலீஸ் உஷார், 90க்கு முந்தியே சார்ஜ் ஷீட் போட்டுட்டாங்க, வட்டம் வட்டமாவே இருந்துச்சு.

நடுவுல குண்டாஸ் பயம் வேற. ஏ1, ஏ2 மேல குண்டர் சட்டம் பாஞ்சிருச்சு, 1982ல வந்த தமிழ்நாட்டுச் சட்டம், அதுல 12 மாசம் வரைக்கும் விசாரணை இல்லாம உள்ள வைக்கலாம், கொலை கேஸ்ல பெயில் கெடச்சாலும் வெளிய வர முடியாது, அதை ஒடைக்க ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனுதான் போடணும். "இவரு பெயில்ல வர்ற வாய்ப்பு இருக்கு, அதனால தடுப்புக் காவல்"னுதான் ஆர்டர்லயே எழுதுவாங்க. அப்படி எழுத ஆதாரம் வேணும், மொட்டையா எழுதக் கூடாதுன்னு ரேகாங்கிற தமிழ்நாட்டு கேஸ்லயே 2011ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. அவசரப்பட்டு பெயில் மனு மேல பெயில் மனுவா போட்டுக்கிட்டே இருந்தா அதையே காரணமா காட்டவும் வாய்ப்பு இருக்குன்னு சீனியர் சொன்னப்பதான் சித்தப்பா வாய மூடுனாரு. எங்க பையன் மேல முந்தின கேஸ் எதுவும் இல்ல, தப்பிச்சான்.

வெயிட்டிங் சேர்ல உக்காந்திருக்கிற நேரத்துல மத்தவங்க கதையும் காதுல விழும், அதுலருந்து கொஞ்சம். ஒரு அம்மா பையனுக்கு கஞ்சா கேஸ். 20 கிலோ வரைக்கும்னா ஓரளவு வழக்கமான பெயில் மாதிரிதான் பாப்பாங்க, 20 கிலோவுக்கு மேல போனா கமர்ஷியல் குவான்டிட்டி, அதாவது வியாபார அளவு, போதைப் பொருள் சட்டத்தோட செக்‌ஷன் 37 வந்து நிக்கும், குற்றவாளி இல்லன்னு நம்ப காரணம் இருக்கு, வெளிய வந்தும் பண்ண மாட்டான்னு ஜட்ஜுக்கே திருப்தி வரணும், அது லேசுப்பட்டதில்ல. பிஎம்எல்ஏ (சட்டவிரோதப் பணப் பரிமாற்றம்) கேஸ்லயும் அதே மாதிரி ரெட்டப் பூட்டு. செந்தில் பாலாஜி 2023 ஜூன் 14 அரெஸ்ட், 2024 செப்டம்பர் 26தான் பெயில், அதுவும் ட்ரையல் இப்போதைக்கு முடியப் போறதில்ல, இவ்ளோ கடுமையான பெயில் கண்டிஷனும் வச்சுட்டு கேஸையும் இழுத்துட்டே இருக்க முடியாதுங்கிற காரணத்துலதான். மந்திரிக்கே 15 மாசம்னா நம்ம கதி என்னன்னு அந்த அம்மா கேட்டப்ப குமாஸ்தா "அது வேற செக்‌ஷன்மா"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாரு. எஸ்சி எஸ்டி வன்கொடுமை கேஸ்னா முன்ஜாமீனுக்கு செக்‌ஷன் 18 தடை இருக்கு, பாதிக்கப்பட்டவங்களுக்கு நோட்டீஸ் குடுத்துதான் பெயில் மனுவையே கேக்கணும்.

ஹைகோர்ட்ல மொத தடவ போட்ட மனு வந்துச்சு. நான் சினிமா மாதிரி வாதம் நடக்கும்னு நெனச்சு கடைய மூடிட்டு மேலூர் ரோட்டுல பெஞ்சுக்குப் போனேன். நம்ம ஐட்டம் நம்பர் வந்து, சீனியர் எந்திரிச்சு, அரசு வக்கீல் ஏ3 இன்னும் தேடப்படுறாருன்னு சொல்லி, ஜட்ஜ் தலைய அசைக்கிறதுக்குள்ள எங்காளு "வித்ட்ரா பண்ணிக்கிறேன்"னுட்டாரு. நான் தண்ணி பாட்டில் மூடிய தொறந்து மூடுறதுக்குள்ள முடிஞ்சுது. வெளிய வந்ததும் எனக்கு அப்படி ஒரு கோவம். அவரு கேண்டீன்ல டீ வாங்கிக் குடுத்துட்டு சொன்னாரு, ஜட்ஜ் எழுதி டிஸ்மிஸ் பண்ணா "மெட்டீரியல் இருக்கு, பங்கு இருக்கு"ன்னு நாலு வரி வந்திரும்மா, அந்த நாலு வரி அடுத்த மனு பூரா நம்ம கூடவே வரும், வித்ட்ரான்னா ஒரு வரிதான். போட்டிருக்க வேணாமேன்னு கேட்டேன், ஏ3 அந்த வாரம் சரண்டர் ஆகிருவான்னு தகவல் வந்துச்சு, ஆகலன்னாரு. இது மைனஸா பிளஸ்ஸான்னு எனக்கு இப்பவும் முடிவா சொல்லத் தெரியல, அடுத்த மனுவுக்கு அவரு மறுபடி ஃபீஸ் மட்டும் வாங்கல, அதையும் சொல்லிடணும்.

ஏ3 சரண்டர் ஆகி சார்ஜ் ஷீட்டும் வந்த பிறகு ரெண்டாவது மனு. முந்தி எங்கெங்க போட்டோம், என்ன ஆச்சுன்னு எல்லாத்தையும் மனுவுலயே எழுதணும், 2024 ஜனவரில சுப்ரீம் கோர்ட் அதைக் கறாரா சொல்லிருச்சு, மறைச்சா அதுக்கே மனு போயிரும். இந்தத் தடவ இறந்தவரோட சம்சாரம் எங்களையும் கேளுங்கன்னு இன்டர்வீன் பண்ணிருந்தாங்க, அவங்க வக்கீலும் பேசினாரு, ஊருக்குள்ள வந்தா சாட்சி சொல்ல ஒருத்தரும் வர மாட்டாங்க, வீட்டு வாசல்லயே இவங்களை பாத்துக்கிட்டு எப்படி இருக்கிறதுன்னாரு. அந்தம்மா கடைசி பெஞ்சுல கைக்குழந்தையோட இருந்தாங்க, நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. அவங்க பேச்சையும் ஜட்ஜ் கேட்டாகணும், கேக்கணும்தான. விவசாயிங்க மேல கார் ஏத்துன லக்கிம்பூர் கேரி கேஸ்ல பாதிக்கப்பட்டவங்களை சரியா கேக்காம குடுத்த பெயிலை 2022 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிருச்சு. கன்னட நடிகர் தர்ஷனுக்கு கொலை கேஸ்ல கர்நாடகா ஹைகோர்ட் குடுத்த பெயிலும் 2025 ஆகஸ்ட்ல போச்சு, திரும்ப உள்ள போனாரு, பெயில் மனுவுலயே ட்ரையல் நடத்துன மாதிரி சாட்சியத்த அலசுறது தப்புன்னு அதுல ஒரு காரணம். சீனியர் ஏ.ஆர். காப்பிய மூணாவதா போட்டது எதுக்குன்னு அத படிச்சப்ப இன்னும் தெளிவாச்சு.

ஜட்ஜ் கேட்டது ரெண்டே கேள்வி. அரசு வக்கீல் கிட்ட "இவரு மேல முந்தின கேஸ் இருக்கா?" இல்லைன்னாங்க. "ஓவர்ட் ஆக்ட் என்ன?" தோள்ல கட்டையால, சாதாரண காயம். எங்காளு இன்டர்வீனர் வக்கீல் பேசினத எதுத்து ஒரு வார்த்த பேசல, "ஊருக்குள்ள வராம வெளியூர்ல தங்க தயாரா இருக்காரு மைலார்ட்"னு அவரா முன்வந்து சொன்னாரு. அதான் திருப்பம்னு நான் நெனைக்கிறேன், அந்தம்மாவோட பயத்துக்கு அதுல பதில் இருந்துச்சு.

ஆர்டர் வந்துச்சு. ரெண்டு ஜாமீன்தாரர், அதுல ஒருத்தர் ரத்த சொந்தம், ஜாமீன் பத்திரத்துல போட்டோவும் எடது பெருவிரல் ரேகையும், ஆதார் இல்லாட்டி பேங்க் பாஸ்புக் காப்பி, திருச்சில தங்கி அங்க ஒரு ஸ்டேஷன்ல தெனமும் காலைல பத்தரைக்கு கையெழுத்து, சாட்சிய கலைக்கக் கூடாது, தலைமறைவாகக் கூடாது, மீறினா கீழ் கோர்ட்டே நடவடிக்கை எடுக்கலாம். ஆர்டர் வந்த அன்னைக்கே பையன் வீட்டுக்கு வந்திருவான்னு சித்தி கறிக்கொழம்பு வச்சுட்டாங்க. வரல. இந்த ஆபீஸ்ல எனக்கு பிடிக்காத பகுதி இதான்.

ஹைகோர்ட் ஆர்டர் கெடச்ச பிறகு கீழ் கோர்ட்ல ஜாமீன் எக்ஸிகியூட் பண்றது பாதி வேலை, இவங்க ஆபீஸ்ல அதை புதுசா சேந்த ஒரு ஜூனியர் தலைல கட்டிட்டாங்க. அந்தத் தம்பி நல்ல புள்ளதான், ஆனா என்னென்ன பேப்பர் வேணும்னு மொத்தமா சொல்லத் தெரியல. வீட்டு வரி ரசீது கொண்டு போனா வி.ஏ.ஓ. சான்றிதழ் எங்கன்றாங்க, அதைக் கொண்டு போனா வரி ரசீதுல பேரு தாத்தா பேருல இருக்கு. சித்தப்பா ரத்த சொந்தம் சரி, ரெண்டாவது ஆளுக்கு அலைஞ்சோம், கொலை கேஸுக்கு ஜாமீன் நிக்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் அன்னைக்குத்தான் வயல்ல வேலை. கோர்ட் வாசல்ல ஒருத்தரு வந்து "ஷூரிட்டி வேணுமாக்கா, ரெடியா ஆளு இருக்கு, பேப்பரோட"ன்னு காதுக்குள்ள சொன்னாரு, குமாஸ்தா போன்லயே கத்திட்டாரு, அந்தப் பக்கம் திரும்பிடாதீங்க, போலி ஷூரிட்டின்னு தெரிஞ்சா அதுக்கு தனி கேஸ், பெயிலும் போயிரும், இதுக்கு முந்தி எத்தன பேருக்கு ஜாமீன் நின்னிருக்காங்கன்னு ஷூரிட்டி டிக்ளரேஷன் வேற குடுக்கணும்னாரு. கடைசில எங்க தெரு டைலர் அண்ணன் வந்தாரு, சொந்தமும் இல்ல ஒண்ணும் இல்ல. மை தடவுன கட்டை விரலை கர்சீப்ல தொடைச்சு தொடைச்சு பாத்தாரு, போகல, "இன்னைக்கு வெள்ளச் சட்டை எதுவும் தைக்க முடியாது போல"ன்னாரு. பேப்பர் ஜெயிலுக்கு போய் சேர சாயந்தரம் ஆயிருச்சு, லாக்கப் நேரம் தாண்டிருச்சு, மறுநாள்தான் விட்டாங்க.

ஜாமீன் தொகை கட்ட முடியாம உள்ளயே கெடக்கிறவங்க எவ்ளோ பேருன்னு அப்பதான் யோசிச்சேன். 1978ல மோத்தி ராம்னு மத்தியப் பிரதேசத்துல ஒரு கொத்தனாரு, சுப்ரீம் கோர்ட்டே பெயில் குடுத்தும் கீழ் கோர்ட் பத்தாயிரம் ரூபா ஜாமீன் கேட்டுச்சு, அண்ணன் தம்பி ஜாமீன் நிக்க வந்தா சொத்து வேற ஜில்லாவுல இருக்குன்னு ஒத்துக்கல, திரும்ப சுப்ரீம் கோர்ட் போய்தான் ஆயிரம் ரூபா சொந்த ஜாமீன்ல விட்டாங்க. 2023 ஜனவரி 31ல சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவா சொல்லிருக்கு: பெயில் ஆர்டரை அன்னைக்கு இல்ல மறுநாள் ஜெயிலுக்கு ஈமெயில்ல அனுப்பணும், ஏழு நாள்ல ஆளு வெளிய போகலைன்னா ஜெயில் சூப்பிரண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு சொல்லணும், ஒரு மாசத்துல ஜாமீன் கட்டலைன்னா கோர்ட்டே கண்டிஷனை தளர்த்தலாமான்னு பாக்கலாம். இது எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா சித்தி அந்த ராத்திரி அழுதத கொஞ்சமாவது கொறைச்சிருக்கலாம். சீனியர் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்.

மத்த மைனஸ்: போன் எடுக்கவே மாட்டாரு. கோர்ட் நேரத்துல சரி, ராத்திரி எட்டுக்கும் எடுக்க மாட்டாரு. மெசேஜ் போட்டா ப்ளூ டிக் மட்டும். ஐட்டம் எப்ப வருதுன்னு தெரியாம நான் இ-கோர்ட்ஸ் ஆப்ல கேஸுக்குன்னு இருக்கிற சிஎன்ஆர் நம்பர் போட்டு நானே பாக்கப் பழகிட்டேன், நீங்களும் மொத நாளே அந்த நம்பரை வாங்கி வச்சுக்கோங்க. ஃபீஸ் மொத்தமா பாத்தா ஒரு நல்ல பைக் வாங்குற காசு, ஹைகோர்ட்ல மனுவுக்கு இவ்ளோ, கீழ் கோர்ட் வேலைக்கு இவ்ளோன்னு பிரிச்சு வாங்குறாங்க, ஆனா மொதல்லயே வாயால சொல்றாங்க, நடுவுல ஏத்தல. ரசீது கேட்டா குடுக்கிறாங்க, கேக்கணும். ஜட்ஜை தெரியும், பிபிய (அரசு வக்கீலை) தெரியும்னு ஒரு தடவ கூட சொல்லல, அப்படி யாராவது சொன்னா செயின் கழுத்துல இருக்கான்னு பாத்துக்கோங்க.

இவ்ளோ காசு முடியாதவங்க மாவட்ட கோர்ட்லயே இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸுக்கு போலாம், 15100ன்னு ஹெல்ப்லைன் இருக்கு, ஜெயில்ல இருக்கிறவங்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் கெடைக்கும், கொலை கேஸுக்கும் உண்டு. எங்க பையன் கூட அதே பிளாக்ல இருந்த ஒருத்தருக்கு அப்படித்தான் பெயில் ஆச்சாம். விசாரணைக் கைதியா அரைவாசித் தண்டனைக் காலம் இருந்தா, மொத கேஸ்காரன்னா மூணுல ஒரு பங்கு இருந்தா விடலாம்னு புதுச் சட்டத்துல இருக்கே, அதை நம்பி இருக்கலாமான்னு கேக்கிறவங்களுக்கு: தூக்கு, ஆயுள் வர்ற செக்‌ஷனுக்கு அது பொருந்தாது.

தம்பி இப்ப திருச்சில ஒரு ஓட்டல்ல பார்சல் கட்டிக்கிட்டு தெனம் பத்தரைக்கு கையெழுத்து போட்டுக்கிட்டு இருக்கான். கண்டிஷனை தளர்த்தச் சொல்லி மனு போடலாமான்னு கேட்டதுக்கு சீனியர் அதே பதில்தான், "இப்ப வேணாம், சாட்சி விசாரணை ஆரம்பிக்கட்டும்". இந்தத் தடவ சித்தப்பா ஒண்ணும் பேசல.

போறதா இருந்தா சாயந்தரம் ஆறரைக்கு மேல போங்க, சனிக்கிழம கூட்டம் அள்ளும். எஃப்ஐஆர், ஆல்டரேஷன், ரிமாண்ட் ரிப்போர்ட், ஏ.ஆர். காப்பி, டிஸ்மிஸ் ஆர்டர் எல்லாம் ரெண்டு செட், வரி ரசீதுல யாரு பேரு இருக்குன்னு வீட்டுலயே பாத்துட்டு போங்க, ஜூனியர் கேக்க மாட்டாரு.